வரிசையில் ஒரு ஜோடி குறைந்தது

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குச் செருப்பைப் பார்த்தால் பயம்.

சிரிக்காதீர்கள். வீட்டு வாசலில் யாருடைய செருப்பு எங்கே கிடக்கிறது என்று ஒரு நாளைக்கு நாலு தடவை எட்டிப் பார்க்கிறேன். கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான் என்பது உங்களுக்குப் பழைய செய்தி. இது புதிதாகச் சேர்ந்த வியாதி. “இன்னும் இன்னா இன்னா வரப்போவுதோ உங்களுக்கு” என்கிறாள் மனைவி. நடந்தது என்ன என்று அவளிடமே நேற்றுதான் முழுசாகச் சொன்னேன்.

உங்களிடம் இன்று சொல்கிறேன்.

கொஞ்ச நாள் முன்பு இந்த இடத்தில் ஒரு புலம்பல் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டது, கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது, ரயில் மட்டும் இன்னும் சின்னசேலத்தோடு நின்றுவிடுகிறது. நாம் சாப்பிடுகிற ரேஷன் அரிசி கூட அங்கே கூட்ஸ் ரயிலில் வந்து இறங்கி, லாரி மாறி, அப்புறம்தான் நம் ஊருக்கு வருகிறது. போட்டுக்கொண்டிருக்கிற புது லைன் முடிந்தால் கூட்ஸ் ஷெட்டும் இங்கேயே வந்துவிடும்... இப்படி ஆனந்தமாக எழுதியிருந்தேன். நிறையப் பேர் போன் பண்ணிப் பாராட்டினார்கள்.

ஒருவர் மட்டும் திட்டினார்.

“இன்னா சார், ரயிலு வரணும்னு எழுதுறீங்க, வேணாங்கல. இங்க மூட்ட தூக்கறவன் முப்பது பேரு இருக்கான். ஷெட்டு அங்க போச்சுன்னா நாங்க எங்க சார் போறது? ஒருவாட்டி நேர்ல வந்து பாத்துட்டு எழுதுங்க.”

அவர் பெயர் கொளஞ்சி. சின்னசேலம் பக்கம் கூட்ஸ் ரயிலில் மூட்டை இறக்குகிற லோடுமேன்களுக்கு மேஸ்திரி. ஐம்பது வயது இருக்கும். நியாயமாகத்தானே கேட்கிறார்? நமக்கு வசதியாக இருக்கிற ஒன்று இன்னொருத்தருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அடுத்த அரிசி ரயில் என்று வரும் என்று கேட்டுக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. எஞ்சின் இல்லாமல் பெட்டிகள் மட்டும் வரிசையாக நின்றன. நாற்பதுக்கு மேல் இருக்கும். ஜன்னல் கிடையாது, ஒரே இரும்பு. ஒரு பக்கம் பெட்டி, நடுவில் சிமென்ட் பிளாட்பாரம், அந்தப் பக்கம் லாரி. மூட்டைகள் தலையிலும் முதுகிலும் ஏறி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. ஒருவரும் நடக்கவில்லை. எல்லோரும் அரை ஓட்டம்தான். இத்தனை மணிக்குள் காலி செய்து ரயிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கெடு.

நான் உற்சாகமாகப் பிளாட்பாரத்தில் கால் வைத்தேன். கொளஞ்சி வணக்கம் சொன்ன கையாலேயே தடுத்தார்.

“தப்பா நெனச்சிக்காதீங்க சார். ஷூவ கழட்டிருங்க.”

அப்போதுதான் கவனித்தேன். அத்தனை பேரும் வெறுங்கால். பிளாட்பாரம் ஏறுகிற இடத்தில், வேப்ப மரத்தடியில் செருப்புகள் ஜோடி ஜோடியாக ஒரே வரிசையில் இருந்தன. கோயில் வாசலில்கூட நாம் இவ்வளவு ஒழுங்காக விடுவதில்லை.

“சோறு சார். செருப்புக் காலோட சோத்து மேல ஏறலாமா?” என்றார் கொளஞ்சி.

ஷூவைக் கழற்றினேன். அதை மரத்தடியில் விட எனக்கு மனம் வரவில்லை, பிள்ளை வாங்கிக் கொடுத்தது. கொஞ்ச தூரத்தில் காண்ட்ராக்ட் கம்பெனி மேனேஜரின் ரூம் இருந்தது. அதன் வாசலில் விட்டுவிட்டு வந்தேன்.

காலியான பெட்டிகளை ஒருவர் கூட்டிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள், நாற்பது வயது இருக்கும், பெயர் ஏழுமலை. கல்வராயன்மலையில் மேலே ஒரு ஊர். சாமை விதைத்துவிட்டு, அடுத்த வேலை வரும்வரை கீழே வந்திருக்கிறார். இரண்டு நாளாகக் காய்ச்சல் என்பதால் மூட்டை தூக்க வேண்டாம், கூட்டினால் போதும் என்று கொளஞ்சி சொல்லியிருக்கிறார். லீவு எடுத்துக்கொண்டு படுத்திருக்கலாமே என்றேன். என்னவோ அவருக்கு மாதச் சம்பளம் மாதிரி!

“படுத்தா இங்க யாரு சார் பாத்துப்பாங்க? எல்லாரும் இங்கதான இருக்காங்க,” என்று சிரித்தார். பிறகு கையிலிருந்த துடைப்பத்தைக் காட்டி, “இந்த அரிசிதான் எங்க ஊருக்கும் ஜீப்புல ஏறி வருது சார். நான் வூட்டுக்குப் போறதுக்குள்ள அது போய் சேந்துரும்” என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவர் அடுத்த பெட்டிக்குள் போனார். எனக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது.

இனிமேல்தான் விஷயம்.

உச்சி வெயில். பிளாட்பாரம் தோசைக்கல்லாகக் கொதித்தது. கழிப்பறையும் குழாயும் மேனேஜர் ரூமுக்குப் பின்னால், ஜல்லிக் கல்லைத் தாண்டிப் போக வேண்டும். என் ஷூ அங்கே, நான் இங்கே. மரத்தடி வரிசையில் பத்துப் பதினைந்து ஜோடிதான் மிச்சம் இருந்தது. கடைசியில் இருந்த ஒரு ரப்பர் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு போனேன்.

நீங்கள் போயிருக்க மாட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். நம் வீடுகளில் வாசலில் கிடக்கிற செருப்பு பொதுச்சொத்து. பின்பக்கம் போக, குப்பை கொட்ட, முனைக் கடையில் கொத்தமல்லி வாங்க... எது காலில் தட்டுப்படுகிறதோ அதை மாட்டிக்கொண்டு போவோம். உள்ளே இருக்கிறவர் “என் செருப்ப யார்ரா போட்டுகினு போனது?” என்று கத்துவார். நாம் திரும்பி வருவோம். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

குழாயடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கால் கழுவும்போது பத்திரிகை ஆபீசிலிருந்து போன். இந்த வாரப் பத்தி எங்கே என்று கேட்டார்கள். வழக்கம்போல “முக்கால்வாசி முடிஞ்சது” என்றேன். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பேசி முடிப்பதற்குள் மேனேஜர் பின்கதவைத் திறந்துகொண்டு வந்து, “சார், பத்தி எழுதறவர் நீங்கதானா? வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்க” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தார். பேசிக்கொண்டே இருந்தார். புது லைன் எப்போது முடியும், எங்கே ஷெட் வரலாம், யார் யார் இடம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்... முக்கால் மணி நேரம் ஓடியதே தெரியவில்லை. எழுந்து முன்வாசல் வழியாக வந்தபோது என் ஷூ இருந்தது. மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரப்பர் செருப்பு குழாயடியிலேயே கிடந்தது.

திரும்பி வந்தால் பிளாட்பாரம் காலி. கடைசி லாரி கிளம்பிவிட்டது. பெட்டிக் கதவுகளை எல்லாம் இழுத்து மூடி, வெளித் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. முன்னால் எஞ்சின் வந்து சேர்ந்து உறுமிக்கொண்டிருந்தது. கொளஞ்சி மரத்தடியில் நின்று துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

என் புத்திதான் தெரியுமே. சும்மா இருக்காமல் கேட்டேன். “ஏங்க, இத்தனை பெட்டி, இத்தனை பேர். உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டா?”

கொளஞ்சி சிரித்தார். “மாட்ட மாட்டாங்க சார். அதுக்குத்தான இந்த வரிச. காலைல வேலைக்கு ஏறும்போது எல்லாரும் இங்கதான் வுடுவாங்க. எறங்கி டீக்கடைக்குப் போனாலும் சரி, லாரியில குடோனுக்குப் போனாலும் சரி, மாட்டிகினுதான் போவணும். கதவ மூடறதுக்கு முன்னாடி இங்க வந்து பாப்பேன். ஒரு ஜோடி கெடந்தாலும் ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம். மூட மாட்டேன். இன்னிக்கு சுத்தமா காலி.”

“பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துடலாமே?”

“பேர கூப்ட்டா, டீக்கடையில இருக்கறவனுக்கு இங்க இருக்கறவன் ‘இருக்கான், இருக்கான்’ம்பான். பாதிப் பேரு லாரியில போயிட்டிருப்பான். செருப்பு பொய் சொல்லாது சார்.”

நான் குழாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

செருப்பு பொய் சொல்லவில்லை. நான்தான் அதைப் பொய் சொல்ல வைத்திருந்தேன்.

அந்த நொடியில் கத்தியிருக்க வேண்டும் இல்லையா? நான் கத்தவில்லை. செருப்புக்காரர் குழாயடிக்கு வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிச்சயமாக எடுத்திருப்பார். குழாயை நோக்கி நடந்தேன். பிறகு ஓடினேன்.

ஜோடி அங்கேயே இருந்தது. நான் கழற்றிப் போட்ட மாதிரியே.

கையில் எடுத்துக்கொண்டு திரும்ப ஓடி வந்தேன். “இதை... நான்தான்... பாத்ரூம் போறதுக்கு...” என்று செருப்பை நீட்டினேன். கொளஞ்சி என்னைப் பார்க்கவே இல்லை. செருப்பைப் பார்த்தார். வார் அறுந்து சாக்குத் தையல் நூலால் கட்டியிருந்தது.

“ஏழுமலை,” என்றார்.

வேலை நேரத்தில் மூட்டை தட்டி விழுந்துவிடும் என்று எல்லோருடைய போனையும் ஒரு ஒயர் கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் ஏழுமலை நம்பருக்கு அடித்தார். கூடைக்குள் மணி அடித்தது. இன்னொருவர் லாரியில் போனவர்களுக்கு அடித்தார். “இங்க இல்லியே, மேஸ்திரிகிட்டதான் இருந்தான்” என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது.

எஞ்சின் ஊதியது.

கூட்ஸ் ரயில் கிளம்புவதை நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறீர்களா? முதலில் சத்தம்தான் வரும். முன் பெட்டியில் ‘டம்’ என்று ஒன்று, அடுத்த பெட்டியில் ஒன்று, அப்படியே பின்னால் ஓடி வரும். அது எங்களைத் தாண்டிப் போனது. சக்கரம் அசைந்தது.

கொளஞ்சி தலைத்துண்டை உருவி ஆட்டிக்கொண்டே கடைசிப் பெட்டியைப் பார்த்து ஓடினார். “கார்டு சார்! கார்டு சார்! ஆளு உள்ள இருக்கான்! நிறுத்துங்க!” மற்றவர்கள் பெட்டிகளோடு கூடவே ஓடி இரும்பில் அறைந்தார்கள். “ஏழுமல! டேய் ஏழுமல!” நான் என்ன செய்தேன்? செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அடுத்து இந்தக் கதவுகளை யார் திறப்பார்கள், எந்த ஊரில், எத்தனை நாள் கழித்து என்று மட்டும் மூளை கேட்டுக்கொண்டே இருந்தது. தனக்கே தெரியாது என்று கொளஞ்சி பிறகு சொன்னார். அடுத்த லோடு எங்கே இருக்கிறதோ அங்கே போகும், அவ்வளவுதான்.

சிவப்புக் கொடி வெளியே வந்தது. ரயில் ஒரு பெட்டி நீளம் போய் நின்றது.

எந்தப் பெட்டி? கடைசியாக எதைக் கூட்டினார் என்று யாருக்கும் நிச்சயமில்லை. பின்னாலிருந்து திறக்க ஆரம்பித்தார்கள். தாழ்ப்பாளைத் தட்டி, கதவை இழுத்து, உள்ளே ஏறி மூலை மூலையாகப் பார்த்து... வெயிலில் நின்று பார்த்தால் உள்ளே வெறும் இருட்டுதான் தெரிகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் இதில் இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். அனல்தான் முகத்தில் அடித்தது.

எட்டாவது பெட்டியில் ஏறியவர் “இருக்கான்!” என்று கத்தினார். அடுத்த வார்த்தை வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. “மூச்சு இருக்கு! தண்ணி கொண்டாங்க!”

கதவிலிருந்து தள்ளி, கோடி மூலையில் சாய்ந்து கிடந்தார். துடைப்பம் பக்கத்தில் இருந்தது. தலை சுற்றியதால் ஒரு நிமிடம் உட்காரலாம் என்று உட்கார்ந்தாராம். அதற்கப்புறம் ஒன்றும் தெரியாதாம். தூக்கி வந்து மரத்தடியில் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். கண் திறந்தார். யாரோ உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தார்கள். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆட்டோ சொல்லி அனுப்பினார்கள்.

நான் அவர் முன்னால் போய்க் குந்தினேன். “ஏழுமலை, நான்தாங்க உங்க செருப்பைப் போட்டுக்கிட்டுப் போனேன்.”

அவர் என் காலைப் பார்த்தார். ஷூ போட்டிருந்தேன்.

“பரவால்ல சார். அந்நேரத்துக்குக் கால் சுட்டிருக்கும்,” என்றார்.

இதற்கு அவர் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

கதை இதோடு முடிந்திருந்தால், நல்லவேளை என்று பெருமூச்சு விட்டு, வாசலில் செருப்பைப் பார்த்து மாட்டுங்கள் என்று உங்களுக்கு ஒரு புத்திமதி சொல்லிப் பத்தியை முடித்திருப்பேன். முடியவில்லை.

ரயில் கிளம்பிப் போன பிறகு மேனேஜர் ரூமிலிருந்து ஆள் வந்தது, கொளஞ்சிக்கு. நானும் கூடவே போனேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி, சர்க்கரை போதுமா என்று கேட்டார். வாராவாரம் என் பத்தியைத்தான் முதலில் படிப்பாராம். பிறகு கொளஞ்சி பக்கம் திரும்பினார். முகம் மாறிவிட்டது.

“யாரு கதவ மூடச் சொன்னது?”

“நாந்தாங்க.”

“உள்ள ஆள் இருக்கான்னு பார்க்காம மூடுவியா? ரயில்வேக்கு நான் என்ன பதில் சொல்றது? யார் தப்பு இது?”

கொளஞ்சி என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவைதான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார்.

“எந்தப்புதாங்க.”

“அடுத்த ரயிலுக்கு நான் வேற ஆளுங்கள பார்த்துக்கறேன். போ.”

நான் எவ்வளவு எழுதியிருக்கிறேன்! தப்பைத் தட்டிக் கேட்பது பற்றி, வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறப்பது பற்றி... நீங்களே பாராட்டிக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். அன்று என் வாய்க்குள் டீதான் இருந்தது. ‘சார், அது என்னால’ என்று மூன்று வார்த்தை. தொண்டை வரை வந்தது. எதிரே ஒரு வாசகர் என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதை போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

வெளியே வந்ததும் கொளஞ்சியைப் பிடித்துக்கொண்டேன். “என் பேரைச் சொல்லியிருக்கலாமே?”

“வூட்டுக்கு வந்தவங்கள காட்டிக் குடுப்பாங்களா சார்? கூப்ட்டது நானு. அதுவுமில்லாம செருப்ப யாரு போட்டா இன்னா, உள்ள எட்டிப் பாக்க வேண்டியவன் நாந்தான? வரிசய நம்பி இருந்துட்டேன்.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பிச் சொன்னார். “ஷெட்டு எங்கனா போயிருமோன்னுதான் சார் பயந்துகினு இருந்தேன். அது இங்கியே இருக்குது. நாங்கதான் இல்ல.”

பஸ்ஸில் வரும்போது வழியில் புது லைனுக்குக் கொட்டிய மண்மேடு கூடவே வந்தது. வழக்கமாக ஜன்னல் வழியாக ஆசையாகப் பார்ப்பேன். அன்று பார்க்க முடியவில்லை.

ஏழுமலை நன்றாக இருக்கிறார், மலைக்குப் போய்விட்டார். விசாரித்துவிட்டேன். நேற்று கொளஞ்சிக்குப் போன் பண்ணினேன். அடுத்த அரிசி ரயில் வரப்போகிறது. வேறு ஊர் ஆட்களுக்குச் சொல்லிவிட்டிருக்கிறார்களாம். கொளஞ்சியின் ஆட்கள் மரத்தடியில் வந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். “பாக்கலாம் சார், நீங்க கவலப்படாதீங்க” என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்!

மேனேஜருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். மூன்று முறை நம்பரைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வெட்டிவிட்டேன். எனக்குப் பேப்பரில்தான் தைரியம் வரும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். கொளஞ்சி, ஏழுமலை இரண்டுமே நிஜப் பெயர் இல்லை. ஆனால் யார் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவருக்குத் தெரியும். அவர்தான் இந்தப் பத்தியை முதலில் படிக்கிறவர் ஆயிற்றே.

மேனேஜர் சார், யார் தப்பு என்று கேட்டீர்கள். எதிரில் நின்றுகொண்டிருந்தவர் இல்லை. டீக்குச் சர்க்கரை போதுமா என்று ஒருத்தனிடம் கேட்டீர்களே... அவன்.